மின்விலாங்கைப் பின்பற்றிய ஹைட்ரஜெல்: முழங்கால் உணரிக்குப் பேட்டரி இல்லாமல் மின்சாரம் தருமா?

கேள்வி | கருவியியல் ஆசிரியர்

வணக்கம். பொறியியல் கல்லூரி ஒன்றில் உயிர்மருத்துவக் கருவியியல் கற்பித்து வருகிறேன். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள், இயன்முறைப் பயிற்சியின்போது காலை எவ்வளவு மடக்குகின்றனர் என்பதைப் பதிவு செய்யும் மென்மையான பட்டை ஒன்றை இறுதியாண்டு மாணவியர் மூவர் திட்டப்பணியாக எடுத்திருக்கின்றனர். உணரியாக ஹைட்ரஜெல்லை, அதாவது நீர் ஊறிய மென்மையான பாலிமர் வலையை, பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே ஜெல்லே மின்சாரத்தையும் தந்துவிடும், பட்டையில் பேட்டரியே வேண்டாம் என்று முன்மொழிவில் எழுதியிருக்கின்றனர். அதற்குச் சான்றாக 2017 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையைக் காட்டுகின்றனர். மின்விலாங்கைப் பின்பற்றி அடுக்கிய ஹைட்ரஜெல்கள் 110 வோல்ட் தந்தன என்பது அதன் செய்தி.

கட்டுரையை நானும் படித்தேன். பொய்யென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் 110 வோல்ட் தரும் பொருள் ஏழு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு கைக்கடிகாரத்தைக்கூட ஓட்டவில்லை என்றால், எங்கோ ஒரு கணக்கை நான் தவறவிடுகிறேன் என்றுதான் பொருள். அது எந்தக் கணக்கு? இரண்டாவதாக, மாணவியர் ஏற்கெனவே செய்து பார்த்த ஒரு ஜெல் துண்டில் மல்டிமீட்டர் 0.6 வோல்ட் காட்டியது, இதை நம்பலாமா? மூன்றாவதாக, எங்கள் ஆய்வகத்தில் உள்ள எளிய வசதிகளைக் கொண்டு, இரண்டே நாளில் காய்ந்து சருகாகிவிடாத ஒரு ஜெல்லைச் செய்ய வழியுண்டா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் முன்மொழிவைத் திருத்தும் முன் அவர்களிடம் பேச உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 | மின்வேதியியல் பழகியவர்

வணக்கம் ஐயா. நீங்கள் தவறவிட்டதாக நினைக்கும் கணக்கு, மின்னழுத்தத்துக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடுதான். மீனிலிருந்து தொடங்கினால் இது தெளிவாகும்.

மின்விலாங்கு உண்மையில் விலாங்கே அன்று. அமேசான், ஒரினோகோ ஆற்றுப் பகுதிகளில் வாழும் கத்திமீன் இனத்தைச் சேர்ந்தது. அதன் உடலில் பெரும்பகுதியை மின் உறுப்புகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் தட்டையான செல்கள், நாணயங்களை அடுக்கியதுபோல் ஆயிரக்கணக்கில் வரிசையாக உள்ளன. மீன் ஓய்வாக இருக்கும்போது ஒவ்வொரு செல்லின் இரு பக்கங்களிலும் ஒரே அளவு மின்னழுத்தம் எதிரெதிராக நிற்பதால் மொத்தம் சுழியாகிவிடுகிறது. நரம்புக் கட்டளை வந்ததும் ஒரு பக்கத்துச் சவ்வில் மட்டும் சோடியம் வாயில்கள் திறக்கின்றன. மறுபக்கம் பொட்டாசியத்துக்கே இடம் தருகிறது. இரு பக்கங்களின் மின்னழுத்தங்களும் இப்போது ஒரே திசையில் கூடிச் செல் ஒன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லிவோல்ட் எழுகிறது. இவை ஆயிரக்கணக்கில் தொடராக இணைவதால்தான் 600 வோல்ட் வருகிறது. 2019-இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட ஒரு மின்விலாங்கில் 860 வோல்ட் வரை அளந்திருக்கின்றனர். அந்த இனத்துக்கு வோல்டாவின் பெயரையே சூட்டியது பொருத்தமானது. 1800-இல் தம் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தபோது, வோல்டா அதை மின் திருக்கையின் உறுப்போடு ஒப்பிட்டு, செயற்கை மின்னுறுப்பு என்றே அழைத்தார். ஆக, உயிரினத்தைப் பார்த்து மின்கலம் செய்வது புதிய மோகம் அன்று. முதல் மின்கலமே அந்த வழியில் வந்ததுதான்.

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மாயர் தலைமையிலான குழுவும், மிச்சிகன், சான் டியாகோ ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களும் செய்தது இந்தச் செல்லுக்கு நான்கு ஜெல்களால் ஒரு மாற்று. முதலாவது உப்பு மிகுந்த ஜெல். இரண்டாவது நேர் அயனிகளை மட்டும் கடக்கவிடும் ஜெல். மூன்றாவது உப்பு குறைந்த ஜெல். நான்காவது எதிர் அயனிகளை மட்டும் கடக்கவிடும் ஜெல். இவை அனைத்துக்கும் அடிப்படை பாலிஅக்ரிலமைடு என்னும் பாலிமர். தெரிவு செய்யும் இரு ஜெல்களிலும் பாலிமர் இழையோடு பிணைந்த, நகர முடியாத மின்னேற்றங்கள் உள்ளன. எதிர் மின்னேற்றம் பிணைந்த ஜெல் குளோரைடை விலக்கிச் சோடியத்தை ஏற்கும். நேர் மின்னேற்றம் பிணைந்தது அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். சோடியம் ஒரு திசையிலும் குளோரைடு மறு திசையிலும் நகர்வதால் இரண்டின் பங்கும் ஒரே மின்னோட்டத்தில் சேருகிறது. நல்ல தெரிவுச் சவ்வில், உப்பின் செறிவு வேறுபாடு ஒவ்வொரு 10 மடங்குக்கும் அறை வெப்பநிலையில் சுமார் 59 மில்லிவோல்ட் தரும். 100 மடங்கு வேறுபாடும் இரு சவ்வுகளும் இருந்தால் 236 மில்லிவோல்ட். தெரிவு ஒருபோதும் முழுமையாக இருப்பதில்லை என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். அந்த ஆய்வில் நான்கு ஜெல் கொண்ட தொகுதி ஒன்று ஏறத்தாழ 0.13 முதல் 0.185 வோல்ட் வரை தந்தது. 612 தொகுதிகள், அதாவது 2,448 ஜெல் துளிகள், தொடராக இணைந்தபோது 110 வோல்ட்.

இனி உங்கள் கணக்கு. இந்த 110 வோல்ட், எந்தச் சுமையும் இணைக்காதபோது அளந்தது. தொகுதிகளைத் தொடராக அடுக்கும்போது மின்னழுத்தத்தோடு உள்மின்தடையும் அதே விகிதத்தில் பெருகுவதால் மின்னோட்டம் சிறிதும் கூடாது. கட்டுரையிலேயே மற்றோர் எண் இருக்கிறது; செய்தித்தாள்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. தொகுதி ஒன்றுக்குச் சதுர மீட்டருக்கு 27 மில்லிவாட் என்பதே அந்த எண். ஒரு சதுர சென்டிமீட்டர் தொகுதிக்கு இது 2.7 மைக்ரோவாட். அத்தகைய 612 தொகுதிகளையும் இழப்பே இல்லாமல் அடுக்கினாலும் 1.65 மில்லிவாட்தான். 5 வாட் கைபேசி மின்னேற்றி ஒன்றின் வேலையை இந்தத் தொகுதி செய்ய வேண்டுமானால் 185 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். ஒரு நடுத்தர வீட்டின் தரைப்பரப்பைவிட அதிகம்.

மின்தடையைக் குறைக்கவே அவர்கள் மியூரா மடிப்பை நாடினர். செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளை ஒரே இழுப்பில் விரிப்பதற்காக ஜப்பானியப் பொறியாளர் கோரியோ மியூரா உருவாக்கிய மடிப்பு அது. ஒரே தாளில் மெல்லிய ஜெல்களை அச்சிட்டு மடித்தால் நான்கும் சரியான வரிசையில் ஒரே கணத்தில் ஒன்றையொன்று தொடும். அந்த ஒரே கணம் என்பதில்தான் வடிவமைப்பின் நுட்பம் இருக்கிறது. சில ஜெல்கள் முந்தியும் சில பிந்தியும் தொட்டால், முந்தியவற்றில் உப்பு கலந்து வீணாகிவிடும். மீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உண்ட இரையின் ஆற்றலைக் கொண்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடைவிடாமல் பிரித்து வைக்கும் புரதங்கள் அதன் செல்களில் உள்ளன. ஜெல்லில் அப்படி ஒன்றுமில்லை. தொட்ட கணத்திலிருந்து அது தீர்ந்துகொண்டேயிருக்கும். வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்தி மீண்டும் ஏற்றலாம் என்பதையும் ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் அப்போது அது மின்சாரத்தைச் சேமிக்கும் பொருளாகிறதே தவிர, மின்சாரத்தை உண்டாக்கும் பொருளாக இல்லை.

எனவே முன்மொழிவில் உள்ள அந்த வரியை நீக்கச் சொல்வேன். ஆய்வைக் குறைத்துச் சொல்வதாக மாணவியர் எண்ண வேண்டாம். அதன் இயல்பான களம் உடலுக்குள்ளே, உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கும் இடத்தில், மிகச் சிறிய திறன் போதுமான கருவிகளில் இருக்கிறது. 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஹேகன் பேய்லி குழு, நானோலிட்டர் அளவுள்ள ஜெல் துளிகளை இதே கோட்பாட்டில் இணைத்து நரம்புச் செல் வலையமைப்பின் செயல்பாட்டை மாற்றிக் காட்டியது. அங்கே மைக்ரோவாட்டும் தேவைப்படவில்லை.

மறுமொழி 2 | பாலிமர் ஆய்வு மாணவி

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனெனில் அந்த 0.6 வோல்ட் என்னையும் ஒருமுறை ஏமாற்றியது. முதுகலை ஆய்வின்போது, நான் செய்த ஜெல்லை அழுத்தாமலே 0.7 வோல்ட் தருகிறது என்று ஆய்வுக்கூட்டத்தில் அறிவித்துவிட்டேன். மேல்முனைக்குச் செப்புத் தகடும் கீழ்முனைக்கு அலுமினியத் தாளும் வைத்திருந்ததை மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழத்தில் செய்தாலும் இதே அளவு வருமே அம்மா என்றார். வேறுபட்ட இரு உலோகங்களுக்கு இடையே உப்புநீர் ஊறிய எந்தப் பொருளை வைத்தாலும் அது மின்கலமாகிவிடும். அங்கே தேய்வது அலுமினியம், ஜெல்லுக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. உங்கள் மாணவியர் எந்த உலோகங்களைப் பயன்படுத்தினர் என்று கேளுங்கள். இரு முனைகளையும் ஒரே பொருளால், கரித்துணி (கார்பன் இழைகளால் நெய்த, மின்சாரம் கடத்தும் துணி) அல்லது வெள்ளி–வெள்ளிக் குளோரைடு முனையால், செய்யச் சொல்லுங்கள். பிறகு முனைகளை இடம் மாற்றி மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். மின்னழுத்தம் முனையோடு சேர்ந்து இடம் மாறினால் அது முனையின் வேலை. ஜெல்லோடு நின்றால் ஜெல்லின் வேலை. தானே மின்சாரம் தரும் ஜெல் என்னும் தலைப்பைக் கண்டால் நான் இப்போது முதலில் தேடுவது, மின்முனைகள் எவை என்னும் வரியைத்தான்.

முனைகள் ஒன்றாகவே இருந்தும், அழுத்தும்போது மட்டும் மின்னழுத்தம் எழுமானால் அது உண்மையான நிகழ்வு. அழுத்திய இடத்திலிருந்து நீர் விலகி ஓடும்போது அதிலுள்ள அயனிகளையும் இழுத்துச் செல்கிறது. சிறிய அயனி விரைந்தும், பெரியதும் பாலிமரோடு உரசுவதுமான அயனி மெல்லவும் செல்வதால் நேரும் எதிரும் சற்றே பிரிந்து மின்னழுத்தம் தோன்றுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜான் மேடன் குழு 2022-இல் சயன்ஸ் இதழில் இதை விரிவாக வெளியிட்டது. நம் தோலிலுள்ள தொடு உணர்வு முனைகளும் அழுத்தத்தால் அயனி நகர்வதைத்தான் செய்தியாக மாற்றுகின்றன என்பதால், உயிரைப் பின்பற்றியது என்னும் சொல் இங்கே வெறும் அலங்காரம் அன்று. இதில் கிடைக்கும் திறன் சொற்பம். ஆனால் உணரிக்குத் திறன் எதற்கு? அழுத்தியதைத் தெரிவிக்கும் ஒரு குறிப்பலை வந்தால் போதுமே. மறுமொழி 1-இல் ஐயா சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் மின்சாரம் தரும் ஜெல், உணரும் ஜெல் என்று நாம் இரண்டாகப் பிரித்தால், மூன்றாவதாக இதற்கும் ஓரிடம் தர வேண்டும்.

முழங்காலுக்கு நீங்கள் அளக்க வேண்டியது அழுத்தம் அன்று, நீட்சி. இங்கே ஜெல்லின் வலிமை மிகத் தெளிவானது. நீட்சியை அளக்க வழக்கமாகப் பயன்படும் உலோகத் திரிபுமானி சில விழுக்காடு நீட்டினாலே சிதையும். ஹார்வர்டில் சூவோ ஷிகாங் குழு 2012-இல் செய்த ஆல்ஜினேட்–பாலிஅக்ரிலமைடு ஜெல், சுமார் 90 விழுக்காடு நீராக இருந்தும் தன் நீளத்தைப்போல் 20 மடங்குக்கு மேல் நீண்டது. அதற்கு முன்பே, 2003-இல், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் கோங் ஜியான் பிங் இரட்டை வலைப் பின்னல் ஜெல்லை அறிமுகம் செய்திருந்தார். ஒன்று இறுக்கமாகவும் மற்றொன்று தளர்வாகவும் உள்ள இரு வலைகளில், இறுக்கமான வலை ஆங்காங்கே உடைந்து விசையைத் தான் ஏற்றுக்கொள்ள, தளர்ந்த வலை பொருளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நுங்கை அழுத்தினால் பிளந்துபோவதையும், நம் முழங்காலின் குருத்தெலும்பு பெரும்பாலும் நீராக இருந்தும் வாழ்நாள் முழுதும் உடல் எடையைத் தாங்குவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஜெல்கள் எட்ட முயல்வது அந்த இரண்டாவதை.

அளவீட்டின் கணக்கும் எளிது. ஜெல்லின் கன அளவு மாறாமல், கடத்துதிறனும் மாறாமல் நீண்டால், நீளம் எத்தனை மடங்காகிறதோ அதன் வர்க்கமாக மின்தடை உயரும். 20 விழுக்காடு நீண்டால் 1.2-இன் வர்க்கம், 1.44, அதாவது மின்தடை 44 விழுக்காடு கூடும். இருமடங்கு நீண்டால் நான்கு மடங்காகும். கடத்தும் துகள்களைக் கலந்து இதைவிட உணர்திறனைக் கூட்டலாம். ஆனால் அவற்றில் இழுத்துவிட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்பும் ஒழுங்கு பெரும்பாலும் கெடும். தூய அயனி ஜெல்லின் உணர்திறன் அடக்கமானது, ஆனால் மீண்டும் மீண்டும் ஒரே விடையைத் தரும். இயன்முறைப் பயிற்சிக்கு வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

மறுமொழி 3 | மின்னணுத் துறைக்காரர்

மேலே இருவரும் விடுத்த ஒன்றைச் சேர்க்கிறேன். ஜெல்லை மின்முனையாக வைத்து, அதைச் சுற்றி ரப்பர் போர்த்தி, உராய்வால் மின்சாரம் எடுக்கும் முறை ஒன்று உண்டு. உராய்வு மின்னாக்கியை 2012-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் வாங் ஜோங் லின் குழு அறிமுகப்படுத்தியது. 2017-இல் அவரது குழுவினர் பாலிஅக்ரிலமைடு–லித்தியம் குளோரைடு ஜெல்லைக் கொண்டு செய்த ஒளிபுகும் தோல் 145 வோல்ட் வரை காட்டியது. 110 வோல்ட்டைக் காட்டிலும் பெரிய எண். ஆனால் திறன் சதுர மீட்டருக்கு 35 மில்லிவாட், அதுவும் உச்சக் கணத்தில். உள்ளங்கை அளவான 100 சதுர சென்டிமீட்டருக்கு 0.35 மில்லிவாட் உச்சம். சராசரி அதைவிட வெகு கீழே. 145 வோல்ட் என்பது மிக உயர்ந்த உள்மின்தடை கொண்ட கருவியால்தான் அளக்கக்கூடியது. சாதாரண மல்டிமீட்டரை இணைத்தால் அந்த மல்டிமீட்டரே சுமையாகி எண் சரிந்துவிடும்.

உடல் வெப்பத்தையும் நினைத்துப் பார்க்கலாம். 2020-இல் சீனாவின் ஷென்சென் நகர ஆய்வாளர்களும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, ஜெலட்டினில் உப்பையும் இரும்புச் சயனைடு அயனி இணையையும் சேர்த்து, ஒரு கெல்வின் (ஒரு பாகை) வெப்பநிலை வேறுபாட்டுக்கு 17 மில்லிவோல்ட் என்னும் வியப்பூட்டும் அளவை எட்டினர். 25 துண்டுகளை உடலில் அணிந்தபோது 2 வோல்ட்டுக்கு மேலும் சுமார் 5 மைக்ரோவாட்டும் கிடைத்தன. இதை ஒரு சிஆர் 2032 பொத்தான் கலத்தோடு ஒப்பிடுங்கள். 3 வோல்ட், சுமார் 220 மில்லியாம்பியர்-மணி. ஏறத்தாழ 2,400 ஜூல். 5 மைக்ரோவாட்டில் அந்த ஆற்றலைச் சேர்க்க 15 ஆண்டுகள் ஆகும். கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் கலத்தை மாணவியர் வெறுப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு விலக்கு. ப்ளூடூத் சில்லு செய்தி அனுப்பும் சில மில்லிநொடிகளில் மட்டுமே 10 மில்லிவாட்டுக்கு மேல் கேட்கும். மற்ற நேரமெல்லாம் உறங்கலாம். 5 மைக்ரோவாட்டை ஒரு மணி நேரம் இழப்பின்றிச் சேமித்தால் 18 மில்லிஜூல் தேறும்; அதைக் கொண்டு அவ்வப்போது ஒரு செய்தி அனுப்ப இயலும். ஆனால் சேமிக்கும் சுற்றே இந்த அளவில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்பதால், இறுதியாண்டுத் திட்டத்தில் இதில் இறங்க வேண்டாம்.

கேள்வியாளர் | கருவியியல் ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. மாணவியரிடம் கேட்டேன். ஒரு முனை செப்பு, மறுமுனை துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி! 0.6 வோல்ட்டின் கதை அதோடு முடிந்தது. பேட்டரி வேண்டாம் என்ற வரியை அவர்களே அடித்துவிட்டனர். ஒருத்திக்கு மட்டும் சற்று வருத்தம். எனவே நீட்சி உணரி, பொத்தான் கலம் என்று முடிவாகியிருக்கிறது. காய்ந்துபோகும் சிக்கல்தான் எஞ்சியிருக்கிறது. மேலும், பாலிஅக்ரிலமைடு ஜெல்லுக்கு மூலப்பொருளான அக்ரிலமைடை மாணவியர் கையாள நான் அனுமதிக்கத் தயங்குகிறேன். மின்தடையை மல்டிமீட்டரால் அளந்தபோது எண் ஓரிடத்தில் நில்லாமல் ஏறிக்கொண்டே போனதையும் பார்த்தோம். இவற்றுக்கு வழி சொல்லுங்கள்.

மறுமொழி 4 | பாலிமர் ஆய்வு மாணவி

அக்ரிலமைடைப் பற்றிய உங்கள் தயக்கம் முற்றிலும் சரியானது. பாலிமராக மாறிய பின் தீங்கற்றது எனினும், மாறுவதற்கு முன் அது நரம்பு நஞ்சு. நீரில் கரையும் பாலிமரான பாலிவினைல் ஆல்கஹாலுக்கு மாறிவிடுங்கள். 10 விழுக்காடு அளவில் நீரில் கலந்து, 90 பாகை வெப்பத்தில் கட்டியில்லாமல் கரையும் வரை மெல்லக் கிளறி, குமிழிகள் அடங்கியதும் அச்சில் ஊற்றி, உறைபெட்டியில் சுமார் −20 பாகையில் இரவு முழுதும் வையுங்கள். மறுநாள் அறை வெப்பத்துக்கு வர விட்டு, மீண்டும் உறைய வையுங்கள்; மூன்று முறை செய்தால் போதும். நீர் உறையும்போது ஒதுக்கப்படும் பாலிமர் இழைகள் நெருங்கி, ஆங்காங்கே நுண்படிகங்களாகப் பின்னிக்கொள்வதால் வேறு வேதிப்பொருள் எதுவும் இல்லாமலே ஜெல் உறுதிப்படுகிறது. உப்பை முதலிலேயே கலக்க வேண்டாம். ஜெல் ஆன பின் உப்புக் கரைசலில் ஊறப் போடுங்கள். முதலில் கலந்தால் பாலிமர் திரிந்து பிரியக்கூடும்.

காய்தல் என்பது அடிப்படையில் எந்த உப்பு என்னும் கேள்வி. மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதையும், கோடையில் அதே உப்பு பொலபொலவென்று இருப்பதையும் எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். நிறைவுற்ற சோடியம் குளோரைடு கரைசல் சுமார் 75 விழுக்காடு காற்று ஈரப்பதத்தோடு சமநிலையில் நிற்கும். ஈரப்பதம் அதற்குக் கீழே போனால் நீரை இழக்கும், மேலே போனால் காற்றிலிருந்து நீரை வாங்கும். கால்சியம் குளோரைடுக்கு இந்த எல்லை சுமார் 30 விழுக்காடு. லித்தியம் குளோரைடுக்கு 11. குளிரூட்டிய அறையிலும் ஜெல் ஈரமாகவே இருக்க வேண்டும் என்பதால்தான் ஆய்வாளர்கள் லித்தியம் குளோரைடை நாடுகின்றனர். 2016-இல் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் செய்த, பரப்பளவில் 1,000 விழுக்காட்டுக்கு மேல் இழுத்தும் வேலை செய்த தொடுபலகையிலும் அந்த உப்புதான் இருந்தது. உங்கள் பட்டை நோயாளியின் தோலை, அதுவும் தையல் ஆறிக்கொண்டிருக்கும் இடத்தின் அருகே தொடப்போகிறது. எனவே லித்தியத்தைத் தவிர்த்து, சோடியம் குளோரைடோடு கிளிசராலைச் சேர்ப்பதையே பரிந்துரைப்பேன். கிளிசரால் கூடினால் கடத்துதிறன் குறையும். ஆனால் நீங்கள் அளப்பது மின்தடையின் மாற்றத்தை என்பதால் அது பெரிய இழப்பன்று.

அடுத்து உறை. சிலிக்கோன் ரப்பரால் மூடிவிட்டால் தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். சிலிக்கோன் நீரை ஒழுக விடாது, ஆனால் நீராவியைத் தாராளமாகக் கடத்தும். காய்வது தாமதமாகும், நிற்காது. பியூட்டைல் ரப்பர் இதில் எவ்வளவோ மேல். மிதிவண்டிக் குழாய்க்கு அதைப் பயன்படுத்தும் காரணமும் வாயு எளிதில் கசியாது என்பதுதான். நம் தோல் இதை அழகாகத் தீர்த்திருக்கிறது: உள்ளே ஈரமான புரத இழைப் பின்னல், வெளியே உலர்ந்த, கொழுப்பு கலந்த மெல்லிய தடுப்பு, இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒட்டியவை. 2016-இல் எம்ஐடியின் ஜாவோ சுவான்ஹே குழு தோலை முன்மாதிரியாகக் கூறி, ரப்பரின் மேற்பரப்பில் பென்சோபீனோன் என்னும், ஒளியால் வினையைத் தொடங்கும் வேதிப்பொருளை ஏற்றிப் புறஊதா ஒளியால் ஜெல்லை அதனோடு பிணைத்தது. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஜெல்லை இரு ரப்பர் தாள்களுக்கு நடுவே வைத்து ஓரங்களை ஒட்டி, தினமும் எடை போட்டு, எத்தனை நாளில் எத்தனை விழுக்காடு நீர் போகிறது என்னும் வரைபடத்தை அறிக்கையில் தாருங்கள். பல ஆய்வுக் கட்டுரைகளில் இல்லாத வரைபடம் அது.

மல்டிமீட்டர் எண் ஏறிக்கொண்டே போனதற்குக் காரணம், அது ஒரே திசையில் மின்னோட்டத்தைச் செலுத்துவது. ஜெல்லுக்குள் நகர்வன அயனிகள், கம்பிக்குள் நகர்வன எலக்ட்ரான்கள்; இரண்டும் சந்திக்கும் முனையில் அயனிகள் குவிந்து மின்தேக்கிபோல் ஆகிவிடுகின்றன. மின்னழுத்தம் 1.23 வோல்ட்டைத் தாண்டினால் நீரே பிளக்கத் தொடங்கலாம். எனவே 1 வோல்ட்டுக்குக் கீழே, 1 கிலோஹெர்ட்ஸ் அளவிலான மாறுமின்னோட்டத்தால் அளக்க வேண்டும். மாறுமின்னோட்டத்தில் மின்தடை போன்றவற்றை அளக்கும் எல்சிஆர் மீட்டர் இல்லையென்றால், ஆர்டுயினோ நுண்கட்டுப்படுத்திப் பலகையின் இரு முனைகளை மாறி மாறி உயர்த்தியும் தாழ்த்தியும், தொடரில் ஒரு மின்தடையை வைத்தும் அளக்கலாம். ஜெல்லுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும்படி அந்த மின்தடையைத் தெரிவு செய்யுங்கள்.

இன்னொன்று. அயனிக் கடத்துதிறன் ஒரு பாகை வெப்பத்துக்குச் சுமார் 2 விழுக்காடு மாறும். மின்விசிறியின் கீழிருந்து வெயிலுக்குப் போனால் ஜெல் 5 பாகை சூடேறி, 10 விழுக்காடு பொய்யான மாற்றத்தைக் காட்டும். நீட்டப்படாத மற்றொரு துண்டை அதே பட்டையில், தொடைப் பகுதியில் வைத்து, இரண்டின் விகிதத்தைக் கணக்கிடுங்கள். இரண்டும் ஒன்றாகச் சூடேறுவதாலும், உறை ஒன்றாக இருந்தால் ஏறத்தாழ ஒன்றாகக் காய்வதாலும் பிழையின் பெரும்பகுதி அடிபட்டுப்போகும்.

மறுமொழி 5 | கடலோர ஊர்க்காரர்

அக்ரிலமைடுக்கு மாற்று தேடுவதால் ஒரு சிறு சேர்க்கை. மறுமொழி 2-இல் வந்த ஆல்ஜினேட், பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாக் கரையில் கட்டக்கோரை என்று நாங்கள் சொல்லும் பாசி அந்த வகை. அகர் தருவன கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும். ஆல்ஜினேட்டில் கால்சியம் சேர்த்த கணமே ஜெல்லாகிவிடும் என்பதால் மாணவர்களுக்குச் செய்துகாட்ட நன்றாக இருக்கும். ஆனால் அது தனியாக நீட்சியைத் தாங்காது, விரலால் இழுத்தாலே அறுந்துவிடும்; அகரும் அப்படியே. பாலிவினைல் ஆல்கஹாலோடு சிறிது ஆல்ஜினேட்டைக் கலந்து உறைய வைத்து, பிறகு கால்சியம் குளோரைடில் ஊறவைத்தால் இரு வலைகளும் சேர்ந்து கிடைக்கும். கால்சியம் குளோரைடே ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கேள்வியாளர் | கருவியியல் ஆசிரியர்

இரு வகையையும், அதாவது தனிப் பாலிவினைல் ஆல்கஹாலையும் ஆல்ஜினேட் கலந்ததையும், அருகருகே வைத்து எடைக் குறைவை அளக்கச் சொல்லியிருக்கிறேன். ஜெல்லிலிருந்து கம்பியை வெளியே எடுக்கும் இடத்தில் என்ன பயன்படுத்துவது? வளையும்போது அந்த இணைப்புதான் முதலில் விட்டுப்போகும் என்று தோன்றுகிறது.

மறுமொழி 6 | மின்வேதியியல் பழகியவர்

சரியாகக் கணித்திருக்கிறீர்கள் ஐயா. செப்பைக் குளோரைடு அரித்துப் பச்சை படரும், நீட்சியில் விளிம்பு ஜெல்லைக் கிழிக்கும். இரண்டு விரற்கடை நீளமுள்ள கரித்துணியை, ஜெல்லை ஊற்றும்போதே அச்சின் இரு ஓரங்களிலும் பதித்துவிடுங்கள். கரைசல் துணியின் இழைகளுக்குள் ஊறி உறைவதால் பிடிப்பு நன்றாக இருக்கும். துணியின் வெளி ஓரத்தில், ஜெல் தொடாத இடத்தில், கம்பியை இணையுங்கள். அந்த ஓரங்கள் முழங்கால் மூட்டின் மேல் வராமல், மேலே தொடையிலும் கீழே கெண்டைக்காலிலும் அசையாத பட்டியின் அடியில் இருக்குமாறு ஜெல் துண்டின் நீளத்தை அமையுங்கள். நீள்வது நடுப்பகுதி மட்டுமாக இருக்க வேண்டும். முதல் முறை 100 தடவை மடக்கி நீட்டிய பிறகு, மின்தடை தொடக்க நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.